மேட்டூர் நீர்மட்டத்தோடு இன்னும் ஒரு வரி

மேட்டூர் அணை நீரையும் அதன் மீன்வளத்தையும் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

தினமும் நீங்கள் தரும் கணக்கைப் பேப்பரில் தேடிப் படிக்கிற ஆள் நான். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. 120 அடியைத் தொட்டால் டெல்டா வரைக்கும் சந்தோஷம். ஆனால் அந்தத் தண்ணீருக்குள் என்ன வாழ்கிறது என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. அந்த வரியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

நான் விலங்கியல் வாத்தியார். நீர்மட்டம் இறங்கி, பண்ணவாடியில் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் கோயில் நந்தி தலை காட்டினால் கூட்டம் நந்தியைப் பார்க்கப் போகும். நானும் மாணவர்களும் கரையோரத் தண்ணீரைப் பார்ப்போம். அப்படி ஒருநாள் பரிசலில் போய் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களைப் பிடிக்கும் சல்லடை வலையை இழுத்தோம். வலையின் நுனிக் குப்பியில் பச்சை பெயிண்ட் கணக்காய் ஏதோ சேர்ந்திருந்தது. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், கோணல்மாணலான கூழ் உருண்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கசகசா மாதிரி நூற்றுக்கணக்கில் புள்ளிகள். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. பரிசல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதானா சார் இந்த நாத்தம் நாறுது?" என்றார்.

இதே பாசி ஒகேனக்கல்லில் இப்படிக் கொழிக்காது. ஓடுகிற ஆற்றில் ஒரு செல் இரண்டாகப் பிரிய ஒரு நாளாவது வேண்டும். அதற்குள் வெள்ளம் அதை அடித்துப் போய்விடும். கலங்கல் நீரில் வெளிச்சமும் குறைவு. அங்கே பிழைப்பது பெரும்பாலும் டயாட்டம் என்ற வேறொரு பாசிதான். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு கொண்டது, கனமானது, தண்ணீர் சுழன்றுகொண்டே இருந்தால்தான் மிதக்கும். அணையில் தண்ணீர் நின்றதும் டயாட்டம் சிலிக்காவோடு அடிக்குப் போய்விடுகிறது. வண்டலும் படிந்து தண்ணீர் தெளிவதால் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. மைக்ரோசிஸ்டிஸுக்கோ செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு, தானாக மேலே வந்துவிடும். வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் கொண்டுவரும் பாஸ்பரஸ், மேலே கோடை வெயில். வேறென்ன வேண்டும் அதற்கு?

மீன்காரர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. கட்லாவுக்கு முக்கிய இரை டாப்னியா, ரோட்டிஃபர் போன்ற, தண்ணீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகள். டாப்னியாவால் அந்தக் கூழ் உருண்டையை விழுங்க முடியாது, விழுங்கினாலும் அதில் சத்து போதாது. பாசி அடர்ந்த இடத்தில் இரவு முழுக்க எல்லாம் சேர்ந்து ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்க, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

நாற்றம் கிளம்பியதும் நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. தெளிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தெளிக்குமுன் எந்தப் பாசி என்று பாருங்கள் என்கிறேன். எல்லாப் பச்சையும் விஷமில்லை. ஆனால் மைக்ரோசிஸ்டிஸின் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். செல் உடைந்தால் அந்த நஞ்சு தண்ணீரில் கலக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. நீண்ட நாள் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. இந்த அணைத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

செலவு அதிகமில்லை. வாரம் ஒருமுறை பண்ணவாடி, கோட்டையூர், அணை முகப்பு என மூன்று இடங்களில் ஒரு குப்பி தண்ணீர், அதில் சில சொட்டு அயோடின் கரைசல். எண்ணுவதற்கு ஒரு மில்லி பிடிக்கும் கண்ணாடித் தொட்டி. தெளிவு பார்க்க 20 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டு: தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறித்தால் போதும். அந்தக் கணக்கைப் பேப்பரில் நீர்மட்ட வரிக்குக் கீழே போட்டுவிடுங்கள்: 'தெளிவு இவ்வளவு, நீலப்பச்சைப் பாசி இவ்வளவு.'

எண்ணித் தர என் மாணவர்கள் தயார். தட்டுகூட எங்களிடமே இருக்கிறது. தகரத்தை வெட்டி பெயிண்ட் அடித்து, கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு அவர்களே செய்தது. அன்றைக்குப் பண்ணவாடியில் இறக்கினோம். இரண்டாவது முடிச்சு நனைவதற்குள் தட்டு கண்ணுக்கு மறைந்துவிட்டது.

இப்படிக்கு,
கொளத்தூர் பக்கத்து விலங்கியல் ஆசிரியர்