புறாமலைக்குப் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"பேர்தான் புறாத்தீவு, போனால் ஒரு புறாவைக்கூடக் காணோமே" என்று போன சீசனில் புறாமலைக்குப் போய் வந்த பலர் எங்களிடம் குறைபட்டார்கள். நியாயமான குறைதான். அதனால் இந்த முறை பறவை பார்க்க வருகிறவர்களுக்கென்று காலையில் முதல் படகைத் தனியாக ஒதுக்கியிருக்கிறோம். டிக்கெட் கவுண்டர் திறந்த கையோடு படகு வெளிக்கிடும்.

புறாத்தீவு என்றும் சொல்கிற இந்தப் புறாமலை, திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். பெரியது, சிறியது என்று இரண்டு தீவுகள். அங்கே இருப்பவை மாடப்புறாக்கள். கோயில் கோபுரத்திலும் சந்தையிலும் திரிகிற அதே இனம்தான். ஆனால் இவை கூண்டிலிருந்து தப்பி வந்தவை அல்ல, பரம்பரையாகப் பாறை இடுக்கில் குஞ்சு பொரித்து வாழ்கிறவை. இரைக்குத் தீவு போதாது, கரைக்குப் பறந்துவிடும். சாவகாசமாகப் பத்து, பதினொரு மணிக்கு வந்து இறங்கினால் பாறையையும் சனத்தையும்தான் பார்க்கலாம்.

இருக்கிறவையும் இலேசில் கண்ணில் படாது. சாம்பல் உடம்பு, மடித்த சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை; பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எழும்பும்போது சிறகின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பளிச்சிடும், அதைக் கவனியுங்கள். கழுத்தில் வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும் மாறிமாறி மின்னும். பொறுமையாக நின்றால் வெண்வயிற்றுக் கடற்கழுகும் தலைக்கு மேலே வட்டமிடக்கூடும்.

அதற்காகக் கைதட்டிக் கலைக்கவோ பாறையில் ஏறவோ வேண்டாம். தாய்ப்புறா எழும்பினால் முட்டையில் சூடு போகும், காகமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஒரு காலத்தில் பிரித்தானியக் கடற்படை குண்டு சுட்டுப் பழகிய இடம் இது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. பீரங்கிக்குத் தப்பிய பறவைகளைச் செல்ஃபிக்காக விரட்டுவதா?

தீவின் கரையில் மணலைவிடச் செத்த முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகள்தான் அதிகம். வெறுங்கால் நோகும், செருப்பு போட்டு வாருங்கள். ஒரு துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆசையாகத்தான் இருக்கும், நீங்கள்தான் சொல்லவேண்டும். தண்ணீருக்குள் இருக்கிற முருகைக்கல்லோ உயிருள்ளது. கால் ஊன்றினால் உடையும், திரும்ப வளர வருடக்கணக்காகும். நீந்தத் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து பார்த்தாலே போதும். ஆழம் குறைந்த இடத்தில் சிறகு நுனி கறுத்த குட்டிச் சுறாக்கள் ஓடும். பயப்படாதீர்கள், உங்களைக் கண்டால் அவைதான் விலகிப்போகும். மீனுக்குப் பாண் போடுவது மட்டும் வேண்டாம்.

டிசம்பர் விடுமுறைக்குக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாடை தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், நாங்கள் படகு விடமாட்டோம். கூடக் காசு தருவதாகச் சொன்னாலும் அதே பதில்தான். மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். அதிலும் மதியத்துக்குப் பிறகு காற்றெடுக்கும் நாட்கள் உண்டு, காலைப் பயணத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பூங்கா டிக்கெட்டை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கவுண்டரில் எடுக்கவேண்டும். எங்கள் படகுக் கூலியில் அது சேராது. உள்நாட்டவர்கள் அடையாள அட்டை கொண்டு வாருங்கள். பொலித்தீன் பை வேண்டாம், தண்ணீர்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கடல் சரியில்லாமல் நாங்கள் பயணத்தை நிறுத்தினால் முற்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். பைனாகுலர் வேண்டுமென்றால் முதல்நாள் பின்னேரத்துக்குள் சொல்லிவிடுங்கள், எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
படகுச் சேவையினர்,
நிலாவெளி