மூட்டைச் சீட்டில் உள்ள புரதமும் குஞ்சுக்குச் சேரும் புரதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல் வட்டாரத்தில் முட்டை விலையும் தீவன விலையும் ஏறி இறங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழ் அதைத் தவறாமல் வெளியிடுகிறது. அந்தத் தீவனத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் புரதத்தில் எவ்வளவு குஞ்சின் உடம்பில் சேர்கிறது என்பது மட்டும் பேச்சில் வருவதே இல்லை. இராசிபுரம் பக்கத்தில் பதினான்கு ஆண்டுகளாக நாட்டுக்கோழிக் குஞ்சுகளை ஒருநாள் வயதிலிருந்து வளர்த்து விற்றுவருகிறேன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் 300 குஞ்சுகளை, சூடு கொடுத்து வளர்க்கும் புரூடரில் விட்டிருந்தேன். வழக்கமாக வாங்கும் குஞ்சுத் தீவனம் அப்போது கிடைக்காததால், கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவாகக் கிடைத்த வேறொரு தீவனத்தை வாங்கினேன். மூட்டையில் தைத்திருந்த சீட்டில் கச்சாப் புரதம் 22 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. மூன்றாவது வாரம் பத்துக் குஞ்சுகளைப் பிடித்துத் தராசில் வைத்தபோது சராசரி எடை 90 கிராமைத் தொடவில்லை. அதற்கு முந்தைய பேட்ச்சில் இதே வயதில் 130 கிராம் இருந்தது. முதுகில் இறகு முளைக்காமல் தோல் தெரிந்தது. ஒன்றின் வாலடியை மற்றொன்று கொத்தி இரத்தம் கசிய வைத்தது. காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் தரையில் பரப்பிய ஈரக் கூளத்திலிருந்து எழுந்த அம்மோனியா கண்ணைக் கரித்தது. மருந்துக் கடையில் கேட்டதற்கு ஓர் ஆன்டிபயாட்டிக் பொடியும் "என்சைம்" என்று மட்டும் எழுதியிருந்த ஒரு பாக்கெட்டும் கொடுத்தார்கள். இரண்டையும் கொடுத்துப் பார்த்தும் மாற்றம் இல்லாததால், மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்து தீவனம் எடுத்துக் கலந்து பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்தபோது கச்சாப் புரதம் 21.6 சதவீதம் என்று இருந்தது. சீட்டு கிட்டத்தட்ட உண்மையைத்தான் சொல்லியிருந்தது. அதற்கு அடுத்த வரியில் யூரியா இருப்பதாகவும் எழுதியிருந்தது.

இது எப்படி முடியும் என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது அவசியம். கச்சாப் புரதம் என்பது புரதத்தையே நேராக அளந்து சொல்லும் எண் அன்று. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த ஜோஹன் கெல்டால் 1883-இல் வகுத்த முறைப்படி, பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது என்ற கணக்கில் அதை 6.25-ஆல் பெருக்கிக் கிடைப்பதே அந்த எண். நைட்ரஜன் சோயாவிலிருந்து வந்ததா உரமூட்டையிலிருந்து வந்ததா என்று அந்த முறைக்குத் தெரியாது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால், ஒரு கிலோ யூரியா இந்தக் கணக்கில் ஏறத்தாழ 2.9 கிலோ புரதமாக நிற்கும். ஒரு டன் தீவனத்தில் பத்துக் கிலோவைக் கலந்தால் சீட்டில் கிட்டத்தட்ட மூன்று சதவீதம் கூடிவிடும். அசைபோடும் மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவைக் கொண்டு புரதம் செய்துகொள்ளும். கோழிக்கு அந்த வசதி இல்லை. யூரியா வெறும் சுமையாகச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறி, கூளத்தை நனைத்து அம்மோனியாவாக மாறுகிறது.

யூரியா கலப்படம் அப்பட்டமான மோசடி. எந்தக் கலப்படமும் இல்லாத தீவனத்திலும் இந்த எண் குஞ்சு வளர்ப்பவரை ஏமாற்றக்கூடும் என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. குஞ்சுக்குத் தேவைப்படுவது புரதம் என்ற மொத்தச் சரக்கு அன்று. புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்கள், அவையும் சரியான விகிதத்தில். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறை ஆவது மெத்தியோனின், அடுத்தது லைசின். இறகு முளைக்க மெத்தியோனினும் சிஸ்டினும் வேண்டும். சதை பிடிக்க லைசின் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், மற்றவை எவ்வளவு இருந்தாலும் குஞ்சால் அவற்றைக் கொண்டு உடம்பைக் கட்ட முடியாது; மிஞ்சியவை யூரிக் அமிலமாக எச்சத்தில் போய்விடும். சோயாவுக்குப் பதிலாக எள்ளுப் புண்ணாக்கையோ கடலைப் புண்ணாக்கையோ அதிகமாகப் போட்டாலும் சீட்டில் 22 சதவீதம் வரும், லைசின் வராது. சோயாவிலும் ஒரு நுட்பம் உண்டு. போதுமான சூட்டில் பதப்படுத்தாத சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான் மிஞ்சி நிற்கும். சூடு மிஞ்சிக் கருகினால் லைசின் பயனற்றுப் போகும். இரண்டிலும் கச்சாப் புரத அளவு மாறுவதில்லை.

வளர்ந்த கோழி இந்தக் குறைகளை ஓரளவு தாங்கும். பொரித்த முதல் சில நாள் குஞ்சு வயிற்றுக்குள் மிஞ்சிய மஞ்சள் கருவைக் கொண்டு பிழைத்துக்கொண்டே, உடம்பைவிட வேகமாகத் தன் சிறுகுடலை வளர்த்துக்கொண்டிருக்கிறது. புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கும் அதன் சொந்த நொதிகள் (என்சைம்கள்) முழு அளவில் சுரக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். மிக நல்ல புரதம் தேவைப்படும் நாட்களில்தான் அதைச் செரிக்கும் திறன் மிகக் குறைவாக இருக்கிறது. என் அம்மா இதையெல்லாம் படித்தவர் அல்லர். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் அடைத்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார். விடிந்ததும் பானையை நிமிர்த்தித் தட்டினால் கொட்டும் கரையானைக் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பொறுக்கும். தாய்க்கோழியோடு சுற்றிய பத்துக் குஞ்சுக்கு அது போதும். 300 குஞ்சுகளை அடைத்து வளர்ப்பவர் மூட்டையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

நொதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவன நொதிகளை நான் குறை சொல்லவில்லை. உரிய முறையில் பயன்படுத்தினால் அவற்றின் பலன் பெரிது. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. அதை அவிழ்க்கும் பைட்டேஸ் நொதி 1991-இல் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. பண்ணை எருவிலிருந்து பாஸ்பரஸ் கலந்து நீர்நிலைகள் கெடுவதைக் குறைக்க அங்கே அது பெரிதும் தேவைப்பட்டது. பைட்டேட் புரதத்தையும் பிடித்துவைத்துக்கொள்வதால், அதை அவிழ்த்தால் அமினோ அமிலங்களும் ஓரளவு கூடுதலாகக் கிடைக்கும். கோதுமை, எண்ணெய் நீக்கிய தவிடு போன்றவற்றைச் சேர்க்கும்போது சைலனேஸ் நார்ப்பொருளை உடைக்கிறது. புரோட்டியேஸ், குஞ்சு தானாகச் செரிக்காமல் விடும் புரதத்தில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. இல்லாத லைசினை எந்த நொதியாலும் உண்டாக்க முடியாது. எந்த நொதி, கிலோவுக்கு எத்தனை அலகு என்பதைச் சொல்லாத பாக்கெட்டை எதற்காக வாங்குகிறோம் என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

சேர்க்கும் முறையும் முக்கியம். டன்னுக்கு 100 கிராம் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதைக் குவியலின் மேல் தூவி மண்வெட்டியால் நான்கு முறை புரட்டினால், ஒரு குஞ்சுக்கு அளவுக்கு மீறியும் பக்கத்துக் குஞ்சுக்கு ஒன்றுமே இல்லாமலும் போகும். முதலில் ஒரு கிலோ சோள மாவில், பிறகு பத்துக் கிலோவில், அதன் பிறகே மொத்தத்தில் கலக்க வேண்டும். குச்சித் தீவனம் தயாரிக்கும்போது ஏறும் 80 பாகைச் சூட்டில், சூட்டைத் தாங்கப் பூச்சிடாத நொதிகள் பெரும்பாலும் அழிந்துவிடும். தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடக்கும் மூட்டையிலும் அவற்றின் வீரியம் குறையும். தயாரித்த தேதி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இது பண்ணைக்காரரின் வரவு செலவோடு முடியும் விஷயமாக இருந்தால் பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டேன். செரிக்காத புரதம் குடலின் பின்பகுதிக்குப் போனால் அங்கே குளோஸ்ட்ரிடியம் போன்ற கிருமிகள் பெருகுகின்றன. கழிச்சல் கண்டதும் நாம் ஆன்டிபயாட்டிக்கைத் தேடி ஓடுகிறோம். மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-இல் தடை விதிக்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் போயிருந்தது. அன்று நான் தண்ணீரில் கலந்து கொடுத்த பொடியும் தேவையில்லாத மருந்துதான் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கோழித் தீவனத் தரமான ஐ.எஸ். 1374, கச்சாப் புரதத்தோடு லைசினுக்கும் மெத்தியோனினுக்கும் குறைந்தபட்ச அளவை வகுத்திருக்கிறது. நான் வாங்கிய மூட்டைகளின் சீட்டுகளில் அவை இருந்ததில்லை. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு குஞ்சுத் தீவன மூட்டையிலும் லைசின், மெத்தியோனின் அளவுகளையும், சேர்த்த நொதியின் பெயர், அலகு, தயாரித்த தேதி ஆகியவற்றையும் படிக்கக்கூடிய அளவில் தமிழில் அச்சிட அரசு வகை செய்ய வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. பெரிய பண்ணைகள் லோடு வாரியாக மாதிரி அனுப்பிக் கட்டணம் கட்ட முடியும். இரண்டு மூட்டை வாங்குபவருக்கு, அதிலும் மானியத் திட்டத்தில் புதிதாகக் கோழி வளர்க்க வந்திருக்கும் பெண்களுக்கு, அந்தக் கட்டணம் மூட்டை விலையோடு போட்டியிடும். ஊர்க் கால்நடை மருந்தகத்திலேயே மாதிரியைப் பெற்று, யூரியா கலப்படத்தையாவது இலவசமாகப் பரிசோதித்துத் தர ஏற்பாடு செய்ய வேண்டும்.

எனக்கு வந்த ஆய்வறிக்கையையும் அந்த மூட்டையின் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கால்நடைப் பராமரிப்புத் துறை அதிகாரிகள் கேட்டால் இரண்டையும் நேரில் ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்ப்பாளர் ஒருவர்,
இராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.