வசந்தக் கட்டில் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முன்பதிவில் வாங்கிய படத்தொகுப்பு நூலின் குளறுபடிகள், விடுபட்ட பக்கங்கள், 2,400 ரூபாயைத் திரும்பக் கேட்டல்

ஐயா / அம்மா,

வணக்கம். நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பெருங்கடைகள் வசந்த காலத்தில் விற்ற ஆடைகளையும் வீட்டுச் சாமான்களையும், அன்றைய விலைப்பட்டியல் பக்கங்களோடு தமிழ் விளக்கத்துடன் தருகிறோம் என்று விளம்பரம் செய்தீர்கள். அதை நம்பி முன்பதிவுத் திட்டத்தில் 2,400 ரூபாய் கட்டினேன். நாலு மாதம் காத்திருந்து போன மாதம் புத்தகம் கைக்கு வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தோரு வருஷம் துணி கிழித்துக் கொடுத்தவன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். ஆனால் துணிப் பெயர்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. லான், வாயில், பாப்ளின், கேம்ப்ரிக், மல், ஆர்கண்டி எதைச் சொன்னாலும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இன்னதென்று சொல்லிவிடுவேன். வேறொரு தேசத்தில், வேறொரு காலத்தில் என்னைப்போல ஒருவன் கவுண்டருக்குப் பின்னால் நின்று என்ன விற்றான் என்று பார்க்கும் ஆசையில்தான் வாங்கினேன். அதனால் என் புகாரும் துணியிலிருந்தே ஆரம்பிக்கிறது.

பக்கம் 12. மெல்லிய கம்பளியில் தைத்த பெண்கள் கோட். தமிழ் விளக்கத்தில் ‘சுருள்வில் கோட்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஒன்றும் புரியவில்லை. பிறகு பக்கம் 131இல் இரும்புக் கட்டிலுக்கு அடியில் போடும் கம்பிச்சுருள் சட்டம் ஒன்று வந்தது. அதற்குப் பெயர் ‘வசந்தக் கட்டில்’. அப்போதுதான் விளங்கியது. ஸ்பிரிங் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வசந்தத்தைக் கட்டிலுக்கும் கம்பியைக் கோட்டுக்கும் கொடுத்துவிட்டது உங்கள் கம்ப்யூட்டர். மொழிபெயர்ப்பை மெஷினிடம் விட்டதுகூடப் பரவாயில்லை, அச்சுக்குப் போகும் முன் ஒரு மனுஷர் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கக் கூடாதா?

பக்கம் 20இல் ‘புல்வெளி இடுப்பு, 98 சென்ட்’. லான் என்பது மெல்லிய பருத்தித் துணி, மாவுக்கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கும், நம் கடைகளிலும் அதே பெயர்தான். இங்கே இடுப்பு என்று நீங்கள் எழுதியது ரவிக்கையை. ஆண்கள் சட்டைபோலக் காலரும் முன்பக்கப் பொத்தானும் வைத்துத் தைத்த பெண்கள் மேலாடைக்கு அங்கே ஷர்ட்வெய்ஸ்ட் என்று பெயர். அதைச் சில இடத்தில் ‘சட்டை இடுப்பு’ என்றும் மொழிபெயர்த்திருக்கிறீர்கள். பேத்தி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன்.

அப்புறம் முன்னுரையைப் படித்தேன். அதை எழுதியவர் வேறு ஆள் போலிருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆபீஸ் வேலைக்கும் டைப்பிங் வேலைக்கும் பெண்கள் போக ஆரம்பித்த காலத்தில் அவர்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்த உடுப்பு இது என்கிறார். 1911 மார்ச் 25ஆம் தேதி, சனிக்கிழமை, நியூயார்க்கில் இதே உடுப்பைத் தைத்த டிரையாங்கிள் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் புலம்பெயர்ந்து வந்த இளம்பெண்கள். அதே வசந்தத்தில், அதே ஊரில், அதே உடுப்பு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியிருக்கும். இதைப் படித்த பிறகு புரட்டிப் பார்த்தால் மறுபடியும் ‘சட்டை இடுப்பு’. சிரிப்பு வரவில்லை. ஷர்ட்வெய்ஸ்ட் என்றே தமிழில் எழுதியிருந்தால் யாரும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். கோட்டை கோட் என்றுதானே எழுதினீர்கள்?

தொப்பிப் பக்கத்துக்கு வருகிறேன். இது எங்கள் வீட்டில் மனக்கஷ்டத்தையே உண்டாக்கிவிட்டது. ஈஸ்டருக்குப் புதுத் தொப்பி வாங்குவது அங்கே நாம் தீபாவளிக்குத் துணி எடுப்பது மாதிரி. வண்டிச் சக்கரம் போல விரிந்த விளிம்பும், மேலே இறகும் பூவுமாக ஒரு தொப்பி. அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘மகிழ்ச்சியான விதவைத் தொப்பி’. என் மனைவியின் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். இருபத்தாறு வயதில் கணவரை இழந்தவர். அவர் முன்னாலேயே குழந்தை சத்தம் போட்டுப் படித்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மெர்ரி விடோ என்பது லண்டனில் 1907இல் மேடையேறிய இசை நாடகத்தின் பெயர். அதில் கதாநாயகி அணிந்த பெரிய தொப்பிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு அட்லாண்டிக் தாண்டியும் பரவியது. ஒரு வரி சேர்த்திருந்தால் நாங்களும் ஏதோ நாடகப் பேர் என்று விட்டிருப்போம்.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘உலர் பொருட்கள் தளம்’ என்று தலைப்பிட்டு, அழகுக்கு ஓரத்தில் முந்திரிப் பருப்புப் படம் வேறு போட்டிருக்கிறீர்கள். டிரை குட்ஸ் என்றால் அந்த ஊரில் ஜவுளி. ஊசி, பொத்தான், கொக்கி, நூல்கண்டு, ரிப்பன் விற்கும் இடத்துக்கு ‘கருத்துகள் பிரிவு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நோஷன்ஸ் என்ற சொல்லுக்குக் கருத்து என்றும் அர்த்தம் உண்டு, தையல் சில்லறைச் சாமான் என்றும் உண்டு, அதன் கதி இது. கைக்குழந்தை உடுப்புக்கு ‘நைன்சுக் நகரில் தயாரானது’ என்று விளக்கம். நைன்சுக் ஊரே இல்லை, மிருதுவான பருத்தித் துணி. இந்தியில் நைன் என்றால் கண், சுக் என்றால் சுகம். இங்கிருந்து போன பெயர்தான். கப்பலேறிப் போன சொல் திரும்பி வரும்போது நமக்கே அடையாளம் தெரியவில்லையென்றால் எப்படி?

அதைவிட வயிற்றெரிச்சல் பக்கம் 47. ‘சென்னைச் சட்டைகள்’ என்றும் அடுத்த வரியிலேயே ‘ஸ்காட்லாந்துச் சென்னை’ என்றும் இருக்கிறது. ஊர்ப் பெயர் மாறியது 1996இல். மெட்ராஸ் என்பது அந்தப் பக்கத்தில் ஊரே இல்லை, துணி. நம் கைத்தறிக்காரர்கள் நெய்த கட்டம் போட்ட பருத்தி பல தேசங்களுக்குப் போய் அந்தப் பெயரிலேயே நிலைத்தது. பிற்பாடு ஸ்காட்லாந்துத் தறியில் நெய்ததையும் மெட்ராஸ் என்றே விற்றார்கள். ஒரு தமிழ்ப் புத்தகத்தில் பெருமையாக எழுதவேண்டிய விஷயம். அதை இப்படிக் கொத்துப் பரோட்டா போட்டிருக்கிறீர்கள்.

வீட்டுச் சாமான் பகுதியில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே கண்டுபிடித்ததெல்லாம் என் வீட்டம்மா. பக்கம் 140இல் இரட்டைக் கதவு வைத்த மர அலமாரி ஒன்று. விளக்கம்: ‘மின்சாரக் குளிர்சாதனப் பெட்டி’. “ஒயர் எங்கேங்க?” என்றார். ஒயர் இல்லைதான். அந்தக் காலத்தில் ரெஃப்ரிஜிரேட்டர் என்றால் உள்ளே துத்தநாகத் தகடு அடித்த மரப்பெட்டி. ஒரு தட்டில் ஐஸ்கட்டி வைக்க வேண்டும். எத்தனை பவுண்டு ஐஸ் வேண்டும் என்று 25, 50, 75, 100 எண் போட்ட அட்டையை ஜன்னலில் வைத்தால் ஐஸ்காரர் பார்த்து அதற்கேற்ற கட்டியைச் சுமந்து வருவார். உருகிய தண்ணீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு, அதை மறக்காமல் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் தரையெல்லாம் குளம். வெயில் காலம் வருமுன் வாங்கிவிட வேண்டிய பொருள் என்பதால்தான் அது வசந்தகாலப் பட்டியலில் இருக்கிறது. படத்திலேயே அந்தத் தட்டு தெரிகிறது. அதற்கு நீங்கள் கொடுத்த விளக்கம் ‘பூனைக்கு உணவுத் தட்டு’.

‘கருங்கல் காபிப் பானை’ என்பதையும் அவர்தான் பிடித்தார். கிரானைட்வேர் என்பது இரும்புத் தகட்டின் மேல் எனாமல் பூசியது. புள்ளி புள்ளியாகக் கல் மாதிரி தெரிவதால் அந்தப் பெயர். எங்கள் கல்யாணத்துக்கு வந்த எனாமல் தட்டு இரண்டு இன்னும் பரணில் இருக்கிறது, ஓரம் பெயர்ந்துபோய். கருங்கல்லில் காபிப் பானை செய்தால் யார் தூக்குவது என்று கேட்கிறார். பதில் சொல்லுங்கள்.

இனி அச்சுக் கோளாறு. 161 முதல் 176 வரை உள்ள பதினாறு பக்கம் இரண்டு முறை வந்திருக்கிறது. 177 முதல் 192 வரை இல்லவே இல்லை. பைண்டிங்கில் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து மடித்த பதினாறு பக்கக் கட்டு, மாறிப்போயிருக்கிறது, அது எங்கும் நடப்பதுதான். ஆனால் போனது எது தெரியுமா? பொருளடக்கப்படி ‘பாய், தரைவிரிப்பு, திரைச்சீலை: வசந்தகால வீடு சுத்தம்’. புத்தகத்தின் உயிரே அதுதான். குளிர்காலம் முழுக்க நிலக்கரி அடுப்பும் எண்ணெய் விளக்கும் எரிந்து சுவரெல்லாம் கரி. பனி விலகியதும் தரைவிரிப்பின் ஆணிகளைப் பிடுங்கி, கொல்லையில் கொடி கட்டித் தொங்கவிட்டு, பிரம்பு மட்டையால் அடித்துத் தூசி எடுப்பார்கள். வெயில் காலத்துக்குக் கம்பளத்துக்குப் பதில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த புல்பாயைக் கஜக்கணக்கில் வாங்கி விரிப்பார்கள். கனத்த திரையை இறக்கிவிட்டு, இங்கிலாந்தின் நாட்டிங்காம் ஊர்ப் பெயரில் வந்த லேஸ் திரை மாட்டுவார்கள். ஆடையும் வீட்டுச் சாமானும் ஒரே பட்டியலில் ஏன் வந்தன என்பதற்கு விடை அந்தப் பதினாறு பக்கத்தில் இருந்திருக்கும். இவ்வளவும் முன்னுரையில் கோடி காட்டியிருப்பதால்தான் எனக்குத் தெரியும். போகிக்கு வீட்டை ஒழிக்கிற மாதிரிதான் என்று என் மனைவி ஆசையாக அந்தப் பக்கங்களைத் தேடினார். தேடிய இடத்தில் மறுபடியும் பையன்களின் மாலுமி உடுப்பு.

இதற்கெல்லாம் பிறகு உங்கள் எண்ணுக்கு மூன்று தடவை போன் செய்தேன். “பிரித்த புத்தகத்தை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்” என்றார் அந்தத் தம்பி. பிரிக்காமல் உள்ளே இருக்கும் பிழையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். லைனில் பாட்டு போட்டுவிட்டார். மின்னஞ்சலும் அனுப்பினேன். ‘உங்கள் கருத்துகளுக்கு நன்றி’ என்று ஒரு வரி பதில் வந்தது. என் கடிதம் ஊசி, பொத்தான் பிரிவுக்குப் போய்விட்டதோ என்னவோ.

தயவுசெய்து உங்கள் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தை நீங்களே ஒரு முறை படியுங்கள். பாரிஸில் பான் மார்ஷே கடையை நடத்திய பூசிகோ பேரம் இல்லாத ஒரே விலை வைத்தார், பிடிக்காத சரக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் பெருங்கடை நடத்திய வானமேக்கரும் சரக்கில் விலைச்சீட்டு ஒட்டி, திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்று விளம்பரம் செய்தார். சிகாகோவிலிருந்து தபாலில் சரக்கு அனுப்பிய மான்ட்கோமரி வார்டு 1875லேயே அதே உறுதி கொடுத்திருக்கிறார். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் எங்கோ ஒரு பண்ணை வீட்டிலிருந்து பணம் அனுப்புகிறவளுக்கு வேறு எதைச் சொல்லி நம்பிக்கை கொடுப்பது? நானும் சரக்கைப் பார்க்காமல்தான் பணம் அனுப்பினேன். எங்கள் கடையில் ‘கறார் விலை’ போர்டு தொங்கும், ஆனால் சாயம் போன துணியை எடுத்துக்கொண்டு வந்த ஒருவரையும் முதலாளி வெறுங்கையோடு அனுப்பியதில்லை, கிழித்த துணியாக இருந்தாலும் சரி.

நான் கேட்பது: 2,400 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். அதோடு, விடுபட்ட பதினாறு பக்கங்களை இந்தப் புத்தகம் வாங்கிய எல்லோருக்கும் அச்சடித்து அனுப்புங்கள், திருத்தப் பட்டியலோடு. துணிப் பெயர்கள் நாற்பத்தாறை எடுத்து, எது என்ன துணி, நம் கடைகளில் என்ன சொல்வோம் என்று நாலு தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அதற்குக் காசு வேண்டாம். அடுத்த பதிப்பு வந்தால் முன்னுரை எழுதியவரிடமே விளக்கங்களையும் எழுதச் சொல்லுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரசீதின் நகல், இரட்டித்த பக்கங்களின் போட்டோ எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன்.

புத்தகத்தை வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். முந்திரிப் படப் பக்கத்தில் மட்டும் பேத்தி பென்சிலால் ஒரு மீசை வரைந்துவிட்டாள், அழித்துவிட்டேன், லேசாகத் தெரியும். எடுத்துப் போக ஆள் அனுப்பினால் காலை பத்திலிருந்து ஒன்றுக்குள் வரச் சொல்லுங்கள். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் தூங்கிவிடுவோம், மணி அடித்தால் காதில் விழாது.

இப்படிக்கு,
உங்கள் முன்பதிவு வாடிக்கையாளர்,
மதுரை

இணைப்பு: ரசீது நகல், பக்கங்களின் போட்டோ, துணிப் பெயர்கள் (4 தாள்)