பாட்டு புரியவில்லை என்றால் பாடகரைத் திட்டாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனில் திறந்தவெளியில் நடந்த ராக் இரவு ஒன்றைப் பற்றி வாசகர் ஒருவர் உங்கள் கடிதப் பகுதியில் மனம் நொந்து எழுதியிருந்தார். தொண்ணூறுகளில் கேட்டு வளர்ந்த குழுக்களைப் பார்க்கப் பிள்ளைகளோடு போனாராம். ஒரு வரிகூடக் காதில் விழவில்லையாம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தொண்டை எங்கே ஒத்துழைக்கப் போகிறது என்று முடித்திருந்தார். மேடை ஒலி அமைப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் நாங்கள். அவருடைய காதை நம்புகிறோம், தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை.

வயதை முதலில் பேசிவிடுவோம். வயது ஏறினால் மேல் ஸ்தாயி எட்டாது என்பது உண்மை. அதற்குப் பல குழுக்கள் செய்வது ஒன்றுதான்: சுருதியை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வது. நம் வாய்ப்பாட்டுக்காரர் சுருதிப்பெட்டியைத் திருகினால் வேலை முடிந்தது. கிதாரில் ஆறு தந்திகளையும் தளர்த்த வேண்டும். தளர்ந்த தந்தியைப் பலமாக அடித்தால் அடித்த கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கும். அதனால் முதல் தந்தி 0.010 அங்குலமாக உள்ள செட்டைக் கழற்றிவிட்டு 0.011 அங்குல செட் போட வேண்டும். போட்டபின் கழுத்து வளைவையும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் தந்தியை மட்டும் தளர்த்திக்கொண்டு மேடையேறினால் கிதார் விலகி ஒலிக்கும், பழி பாடகர் தலையில் விழும். கூட்டத்துக்குக் கிதாரின் சுருதி பிடிபடாது, குரலின் சுருதிதான் பிடிபடும்.

அடுத்தது அந்தக் காலத்துப் பாட்டின் அமைப்பு. சரணம் முணுமுணுப்பாக வரும், பல்லவி வெடித்துக்கொண்டு வரும். தொண்ணூறுகளின் ராக்கில் பாதி இப்படித்தான். கிதார்காரர் காலால் பெடலை மிதித்ததும் ஒலி பாய்கிறது. பெடலின் லெவலைப் பயிற்சி அறையில் வைத்தபடியே விட்டிருந்தால் பல்லவியில் குரல் மூழ்கிவிடும். பெடலை மிதிக்கும்போது 3 முதல் 6 டெசிபல் ஏறினால் போதும். அதற்கு மேல் ஏறுவதை, எல்லா ஒலிகளின் அளவையும் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் இருப்பவர் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், எப்படியும் அரை நொடி தாமதமாகும். சுருதி இறக்கிய கிதார் பேஸ் கிதாரின் எல்லைக்குள்ளும் புகுந்துவிடும். கிதார் சேனலில் 100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டிவிட்டு, 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஒதுக்கிக் கொடுத்தால் குரலின் மெய்யெழுத்துகள் வெளியே வரும். வரி புரிவது அந்த இடத்தில்தான். அங்கே கிதார் உட்கார்ந்திருந்தால் உயிரெழுத்து மட்டும் மிஞ்சும், "ஆ, ஓ" என்றுதான் கேட்கும்.

மைக்கைப் பிடிக்கும் விதத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ராக் பாடகர்கள் பலர் மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார்கள். பார்க்க வீரமாக இருக்கும். கோயில் மண்டபத்திலும் கல்யாண ஹாலிலும் எல்லோர் கையிலும் வரும் ஷூர் எஸ்எம்58 போன்ற மைக் முன்பக்க ஒலியை எடுத்துக்கொண்டு பின்பக்க ஒலியைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. பின்பக்கத்து ஒலி நுழையும் துவாரங்கள் தலைக்குள்ளேயே, ஒலியை வாங்கும் கேப்சூலுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றைக் கையால் அடைத்தால் மைக் நாலா பக்கமும் கேட்கத் தொடங்கும், பாடகர் தன் குரலைக் கேட்பதற்காக எதிரே தரையில் வைத்த மானிட்டர் ஸ்பீக்கரையும் சேர்த்து. உடனே "கீ..." என்று கூவும். கூவலை அடக்க ஒலிக்காரர் பெரும்பாலும் குரலைத்தான் குறைப்பார். குரல் குறைந்ததும் பாடகர் இன்னும் இறுக்கிப் பிடித்து இன்னும் கத்துவார். நான்கு விரல்களும் கட்டைவிரலும் கைப்பிடியின் நடுவில் இருக்க வேண்டும், தலையை எதுவும் தொடக்கூடாது, உதட்டுக்கும் வலைக்கும் இடையில் இரண்டு விரற்கடைக்கு மேல் போகக்கூடாது. அடுத்த கல்யாணத்தில் வாழ்த்துரை சொல்ல எழுந்திருப்பவர்களுக்கும் இதே விதிதான்.

மானிட்டர் வைக்கும் இடமும் மைக்கைப் பொறுத்தது. எஸ்எம்58-க்கு மானிட்டர் நேர் எதிரே, மைக்கின் வால் பக்கமாக இருக்கலாம். பீட்டா 58 போன்ற இன்னும் குறுகலான மைக்குக்கு நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு. இரண்டு மானிட்டர்களைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால்தான் கூவாது. முதல் குழுவுக்கு ஒரு மைக், இரண்டாவது குழுவுக்கு வேறு மைக் என்று மாறும்போது மானிட்டரை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எக்காளம் வாசிக்கும் குழு என்றால் தனிக்கவனம் வேண்டும். 1994-இல் ஸ்டெல்லன்பாஷில் தொடங்கிய ஸ்பிரிங்பாக் நியூட் கேர்ல்ஸ் என்ற ராக் குழுவில் டிரம்பெட் உண்டு. (பெயரைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், ஐந்து பேரும் ஆண்கள்.) டிரம்பெட்டை நம் நாகசுரத்தைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். மணிவாயில் மைக்கைச் செருகினால் காதைக் கிழிக்கும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி, கொஞ்சம் கோணலாக வைக்க வேண்டும். காவடித் திருவிழாவில் நாகசுரத்தின் வாயிலேயே மைக்கைக் கட்டிவிட்டு, பிறகு அர்ச்சகர் சொல்வது கேட்கவில்லை என்று வருத்தப்படும் கோயில்களும் இருக்கின்றன.

இனி அந்த வாசகரின் இரவைக் கெடுத்தது எது என்று நாங்கள் நினைக்கிறோமோ அதற்கு வருகிறோம்: குழு மாற்றும் நேரம். ஐந்து குழுக்கள், ஆளுக்கு 45 நிமிடம் என்றால் 225 நிமிடம். நடுவில் நான்கு மாற்றங்கள், தலா 25 நிமிடம் என்றால் 100 நிமிடம். மொத்தம் 5 மணி 25 நிமிடம். மாலை 4.30-க்குத் தொடங்கினால் 9.55-க்கு முடியும். ஏற்பாட்டாளர் இதைப் பார்த்துவிட்டு மாற்றத்தை 10 நிமிடமாக வெட்டுகிறார், காகிதத்தில் ஒரு மணி நேரம் மிச்சம். மேடையில் என்ன ஆகிறது? டிரம்ஸுக்கு மட்டும் எட்டு மைக்: கிக், ஸ்னேர், ஹைஹேட், மூன்று டாம், மேலே இரண்டு. பேஸ் கிதாருக்கு இரண்டு இணைப்பு, கிதாருக்கு இரண்டு, டிரம்பெட்டுக்கு ஒன்று, குரலுக்கு மூன்று. பதினாறு இணைப்புகளையும் கழற்றி, மாட்டி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கப் பத்து நிமிடம் போதாது. அதனால் ஒவ்வொரு குழுவின் முதல் இரண்டு பாட்டும் சோதனைப் பாட்டாகிவிடுகிறது. பெரும்பாலோருக்குத் தெரிந்த பாட்டை முதலில் வைத்திருந்தால் அதுவே பலியாகும்.

இதைச் சரிசெய்யப் பணம் அதிகம் வேண்டாம். எல்லாக் குழுக்களுக்கும் ஒரே டிரம் செட், பேஸ் கிதாருக்கு ஒரே ஆம்ப் (ஒலிபெருக்கி). ஒவ்வொரு டிரம்மரும் தன் ஸ்னேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் கொண்டுவர வேண்டும். அடுத்த குழுவின் கிதார் ஆம்ப்கள் சக்கரம் வைத்த பலகையில் மேடைக்குப் பின்னால் தயாராக நிற்க வேண்டும். பிற்பகல் ஒலிச் சோதனை தலைகீழ் வரிசையில் நடக்க வேண்டும்: கடைசியில் வாசிப்பவர் முதலில், முதலில் வாசிப்பவர் கடைசியில். அப்போதுதான் முதல் குழுவின் பொருள்கள் மேடை முன்னால் அப்படியே நிற்கும். டிஜிட்டல் மிக்சரில் ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளலாம். எந்த இணைப்பு மிக்சரின் எந்த எண்ணில் என்ற தாள் மேடையில் ஒன்று, மிக்சரில் ஒன்று, இரண்டும் ஒரே தாளாக இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், இரண்டும் வேறாக இருப்பதுதான் சகஜம்.

மின்சாரத்துக்கு வருவோம். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் பழகிய பாடம் இன்றும் பொருந்தும். அரசு மின் நிறுவனமான எஸ்கோமின் மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் ஒரு நொடியில் டிஜிட்டல் மிக்சர் அணைந்துவிடும், திரும்பி எழுந்திருக்க ஓரிரு நிமிடம் ஆகும். மிக்சருக்கு மட்டும் ஒரு யுபிஎஸ் வைத்தால் தீர்ந்தது. விளக்குகளை ஒரு ஃபேஸிலும் ஒலியை வேறு ஃபேஸிலும் ஓட்டினால் ஸ்பீக்கரில் ரீங்காரம் குறையும். ஸ்விட்ச் போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் "டம்" என்று ஓர் அடி விழும், ஸ்பீக்கர் தாங்காது.

இதில் ஒன்றைக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறோம். கிதார் ஆம்பில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. உறுமல் நின்றுவிடும். பழைய ஆம்பின் உள்ளே ஒரு வயர் உடைந்து பெட்டியைத் தொட்டால் கிதார் தந்தி முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். மைக்கின் வலையோ மிக்சர் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கிறது. கை தந்தியில், உதடு மைக்கில். உறுமலை நிறுத்த, வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டினால் போதும், அது ஒலி வயரின் உறையை மட்டும்தான் துண்டிக்கும். மேடை மின்சாரம் முழுவதும் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் வழியாக வர வேண்டும். அது திரும்பத் திரும்ப விழுகிறது என்று சுற்றிவளைத்து இணைப்புக் கொடுப்பவரை மேடைப் பக்கமே விடக்கூடாது.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. டர்பனில் வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் மாறி மாறி அடிக்கும். காற்று ஸ்பீக்கரின் முகத்தில் அடித்தால் ஒலி மேல்நோக்கி வளைந்து பின்வரிசைக்குத் தலைக்கு மேலே போய்விடும். பகலில் சுட்ட தரையும் இதையே செய்யும். இரவில் தரை குளிர்ந்து மேல்காற்று சூடாக நின்றால் நேர்மாறாக ஒலி கீழே வளைந்து வெகுதூரத்து வீடுகளில் போய் இறங்கும். மூன்று மணிக்கு வைத்த அளவு எட்டு மணிக்குச் சரிவராது என்பது இதனால்தான். மைதானம் நீளமாக இருந்தால் நடுவில் இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் நிற்கும். டர்பனின் மாலை வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 346 மீட்டர் போகிறது. கோபுரம் மேடையிலிருந்து 80 மீட்டர் என்றால் மேடை ஒலி அங்கே வர 231 மில்லிநொடி. கோபுரத்தின் ஒலியை அந்த அளவு தாமதப்படுத்தி, மேலே 10 முதல் 15 மில்லிநொடி சேர்த்தால் குரல் மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும். தாமதம் போடாமல் விட்டால் ஒவ்வொரு அசையும் இரண்டு முறை கேட்கும். பின்வரிசையில் வரி புரியாததற்கு அது ஒன்றே போதும்.

பிள்ளைகளோடு போனதாக எழுதியிருந்ததால் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, இத்தகைய இடங்களில் 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. தொழிற்கூடக் கணக்குப்படி 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். அதனால் காதடைப்பான் வேண்டும், ஆனால் நுரைப்பஞ்சு அடைப்பானை அப்படியே காதில் திணித்தால் பயனில்லை. விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாக அமர்ந்தால் உங்கள் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். சின்னக் குழந்தைகளுக்கு அது வேண்டாம், காதை மூடும் கவசம்தான் சரி. கவசம் போட்டாலும் ஸ்பீக்கரை ஒட்டி நிற்க வைக்காதீர்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு எங்கள் கோரிக்கை ஒன்று: நுழைவுச்சீட்டு விளம்பரத்திலேயே குழுக்களின் நேரத்தையும் மாற்ற நேரத்தையும் அச்சிடுங்கள். பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் வாங்குபவர் யோசித்து வாங்கட்டும். 1990 முதல் மலையடிவாரத்து அண்டர்பெர்க் பக்கத்துப் பண்ணையில் நடந்துவரும் ஸ்பிளாஷி ஃபென் இசை விழாவுக்கு ஈஸ்டரில் போகிறவர்கள் ஸ்வெட்டரோடு காதடைப்பானையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்குளிரில் தந்தி சுருங்கிச் சுருதி ஏறும், அங்கே பாட்டுக்குப் பாட்டு கிதாரைத் திருகிக்கொண்டிருப்பவரைப் பார்த்துப் பொறுமை இழக்க வேண்டாம்.

கடிதம் எழுதிய அன்பருக்கு: அடுத்த முறை மிக்சர் கூடாரத்துக்கு நேர் முன்னாலோ பக்கத்திலோ நில்லுங்கள், மைதானத்தில் ஒலியைச் சரிபார்த்த இடம் அது ஒன்றுதான். அங்கேயும் வரி கேட்கவில்லை என்றால் உள்ளே இருப்பவரிடம் "குரல் கேட்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். பாட்டு முடிந்த பிறகு.

இப்படிக்கு,
மேடை ஒலிப் பணியாளர்கள் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.