மொயில்வ்ரே ஊராருக்கு ஒரு நன்றி மடல்

வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவின் கிழக்குக் கரையில், மொயில்வ்ரேயில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் ஊரைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை ஒருவழியாக முடிந்துவிட்டது. உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும், "உன் மொழியிலேயே எழுது, எழுத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னது நீங்கள்தான். அடுத்த முறை வரும்போது படித்துப் பொருள் சொல்கிறேன்.

முதல் நன்றி பஸ் டிரைவருக்கு. 'மோயல்ஃப்ரே' என்று நான் டிக்கெட் கேட்டதும் சிரித்துவிட்டு, வெல்ஷில் ஒற்றை எஃப் வந்தால் 'வ' என்று திருத்தினார். அப்புறம் லனால்கோ தேவாலயத்துச் சாவியோடு வந்த அம்மா. அந்தப் பெயரில் இரண்டு முறை வரும் இரட்டை எல் ஒலிக்கு, 'ல' சொல்ல வைப்பதுபோல் நாக்கை வைத்து, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் ஊத வேண்டுமாம். கல்லறைகளுக்கு நடுவே நின்று இருவரும் பூனை சீறுவதுபோல் ஊதிக்கொண்டிருந்தோம். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

நான் அங்கே தேடி வந்தது தங்கத்தை. 1859 அக்டோபர் 26 அதிகாலையில், மெல்போர்னிலிருந்து லிவர்பூல் போய்க்கொண்டிருந்த ராயல் சார்ட்டர் கப்பல், சுரங்கத்தில் சம்பாதித்த தங்கத்தோடு உங்கள் பாறைகளில் மோதி உடைந்தது. 450 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர் சுமார் 40 பேர். ஒரு பெண்ணோ குழந்தையோ அவர்களில் இல்லை. கரை ஒதுங்கிய தங்கத்தை ஊரார் வாரிக்கொண்டார்கள் என்று அப்போதே பேச்சு கிளம்பியது. என் முதல் வரைவில் அதற்கே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

துறைக்கு மேலே குடியிருக்கும் பாட்டி அதைக் கடைசிவரை கேட்டார். 'பானெட்' என்று நீங்கள் சொல்லும் தேநீரை ஊற்றினார். "கடலில் இறங்கியவர்கள் எங்கே?" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக விசாரித்தேன். ஜோசப் ராஜர்ஸ் என்ற மால்ட்டா மாலுமி இடுப்பில் கயிறு கட்டிக் கரைக்கு நீந்தினார். உங்கள் ஊர் ஆண்கள் 28 பேர் கைகோத்து அலைக்குள் இறங்கி, வந்தவர்களை இழுத்துப் போட்டார்கள். பாட்டி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "இப்படித்தான். விரலைப் பிடித்தால் அலை பிடுங்கிக்கொள்ளும்" என்று காட்டினார். எண்பதைத் தாண்டிய கை, வலித்தது!

லனால்கோ பாதிரியார் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸைப் பற்றி எழுதவும் நீங்கள்தான் காரணம். தேவாலயத்திலேயே உடல்களைக் கிடத்தி, உடுப்பையும் அடையாளங்களையும் குறித்துவைத்து, அவர் உறவினர்களுக்கு 1,075 கடிதங்கள் எழுதியிருந்ததாக அங்கே வந்து பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் பதிவு செய்திருக்கிறார். 1862-இல் பாதிரியாரும் போய்விட்டார். என் ஒரு கட்டுரைக்கு நான் பட்ட பாட்டை நினைத்து வெட்கமாக இருந்தது.

உயிர்காப்புப் படகு நிலையத்துத் தன்னார்வலர்களுக்கும் நன்றி. 1959 அக்டோபர் 27, அதாவது நூறு வருடமும் ஒரு நாளும் கழித்து, கிட்டத்தட்ட அதே இடத்தில் ஹிண்ட்லியா கப்பல் சிக்கியபோது, படகுத் தலைவர் டிக் எவான்ஸ் தன்னையும் சேர்த்து ஐந்தே பேர் கொண்ட குழுவோடு படகை எடுத்துப் போய் எட்டுப் பேரையும் மீட்ட கதையை நீங்கள் மேஜைமேல் உப்பு ஜாடியையும் சர்க்கரைக் கிண்ணத்தையும் நகர்த்தித்தான் விளக்கினீர்கள். கப்பலின் சுழலும் விசிறி தலைக்கு மேலே தூக்கி நின்றதைக் காட்ட ஒரு கரண்டி. அந்தக் கரண்டியைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இன்று அவர் வெண்கலச் சிலையாகக் கடலைப் பார்த்து நிற்கிறார்.

தங்கம் கட்டுரையில் இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது. குறையாகத் தெரியவில்லை.

பாட்டி, பாரா பிரித் கேக் வைத்துக் கொடுத்த உங்கள் தகர டப்பா என்னிடம்தான் இருக்கிறது, மறக்கவில்லை. வெறும் டப்பாவாகத் திருப்பித் தர எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். அம்மா முறுக்கு சுட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். பல்லுக்குக் கொஞ்சம் கடினம். தேநீரில் நனைத்துச் சாப்பிடுங்கள்.