செயலாளரின் ஆண்டறிக்கை: மாலைநேரக் கணினி வகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், சங்க உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி, ரத்ததான முகாம், படிப்பகத்துக்கு வெள்ளையடித்தது எல்லாம் வழக்கம்போல் நடந்து முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கணினி வகுப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். செயற்குழுவில் இந்த ஆண்டு அதிகம் வாக்குவாதம் நடந்ததும் அதைப் பற்றித்தான்.

வகுப்புக்கு வந்த பிள்ளைகள் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், எத்திக்கல் ஹேக்கிங் சொல்லிக்கொடுங்க." அதாவது, உரியவரின் அனுமதியோடு கணினிக்குள் நுழைந்து ஓட்டை இருக்கிறதா என்று சோதிப்பது. சிஇஎச், செக்யூரிட்டி பிளஸ் என்று கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்களின் பெயர்கள் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு தம்பி நேராக, அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ் என்றார். அதற்கு ஐந்து ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், தேர்வில் தேறினாலும் அனுபவம் சேரும்வரை 'அசோசியேட்' தான் என்றதும் முகம் வாடிவிட்டது.

முதலில் நெட்வொர்க்கிங் (கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பது), அப்புறம்தான் செக்யூரிட்டி (அவற்றைப் பாதுகாப்பது) என்று முடிவெடுத்தோம். பெற்றோர் சிலருக்கு இதில் வருத்தம். வெளியே சில வாரங்களில் சான்றிதழ் வாங்கித் தருகிறார்களே, இங்கே ஏன் கேபிளை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். செக்யூரிட்டி பிளஸ் தேர்வை நடத்தும் காம்ப்டியா அமைப்பே, அதற்கு முன் நெட்வொர்க்கிங் தேர்வான நெட்வொர்க் பிளஸ் முடித்திருப்பது நல்லது என்கிறது. கட்டாயம் இல்லை. ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எங்களுக்கு வகுப்பிலேயே தெரிந்தது.

பிள்ளைகள் நம் சொந்தக் கணினி ஒன்றின் மேல் என்மேப் ஓட்டினார்கள்; ஒரு கணினியின் எந்தெந்த போர்ட், அதாவது எண்ணிட்ட வாசல், திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கும் மென்பொருள் அது. 22ஆம் போர்ட் 'ஓபன்', 80 'குளோஸ்டு', 443 'ஃபில்டர்டு' என்று வந்தது. ஒரே ஆரவாரம். குளோஸ்டுக்கும் ஃபில்டர்டுக்கும் என்ன வேறுபாடு என்று ஆசிரியர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு டிசிபி கைகுலுக்கல், அதாவது இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும் முறை, பாடமாக முடிந்ததும், போய்வரும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அதையே பார்த்தார்கள். சின் ('பேசலாமா?') அனுப்பினால் சின்-ஆக் ('பேசலாம்') திரும்பி வருகிறது, அது ஓபன். ஆர்எஸ்டி ('முடியாது') வந்தால் குளோஸ்டு. பதிலே வரவில்லையா, நடுவில் ஃபயர்வால் என்ற தடுப்பு விழுங்கியிருக்கலாம், அது ஃபில்டர்டு. கருவியை ஓட்ட யாருக்கும் ஐந்து நிமிடம் போதும்; அது சொல்வதைப் படிக்கத்தான் இத்தனை பாடு.

ஒரு நெட்வொர்க்கைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு வந்ததும் சிலர் நின்றுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். /26 என்ற அளவுப் பிரிவு என்றால் 64 முகவரி, அதில் முதலும் கடைசியும் போகக் கணினிகளுக்குக் கொடுக்க முடிவது 62. இதைத் தாளில் போட்டுப் பழகியவர்கள் தேறிவிட்டார்கள்.

நவம்பர் மழையில் படிப்பகத்தில் திடீரென்று பாதிக் கணினிகளுக்கு இணையம் இல்லை. லைன்மேனைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். பிளஸ் டூ படிக்கும் ஒரு பாப்பா "இருங்க அங்கிள்" என்று கணினியின் நெட்வொர்க் முகவரிகளைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்தது. இணையத்துக்குப் போகும் வழியான கேட்வே 192.168.1.1 என்று இருக்க வேண்டிய இடத்தில் 192.168.0.1 இருந்தது. யாரோ பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றை லேன் போர்ட் (கேபிள் செருகும் துளை) வழியாக, கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் செருகியிருக்கிறார்கள். அதுவும் தன் பங்குக்குக் கணினிகளுக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுக் கணினிகளை அணைத்து மறுபடி போட்டோம், சரியாகிவிட்டது. இதையே ஒருவன் வேண்டுமென்று செய்தால் செக்யூரிட்டி பாடத்தில் அதற்கு 'ரோக் டிஹெச்சிபி', அதாவது அனுமதியின்றி முகவரி வழங்குவது, என்று பெயர். அந்த அத்தியாயம் வந்தபோது அந்தப் பாப்பாவுக்கு விளக்கவே தேவைப்படவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும்; தீய நோக்கத்தோடு செய்தால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதனால் வரும் ஆண்டு முதல் நெட்வொர்க்கிங் முடித்து, உறுதிமொழிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்தும் வாங்கி வருபவர்களுக்கு மட்டுமே அடுத்த வகுப்பு.

நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பழக உதவும் பாக்கெட் டிரேசர் மென்பொருள் பழைய கணினிகளில் திணறித் திணறித்தான் ஓடுகிறது. சிஸ்கோ நிறுவனம் அதை இலவசமாகத் தருகிறது, கணினிக்கு வேண்டிய ராம் (நினைவகம்) இலவசமாகத் தருவார் யாருமில்லை. உறுப்பினர்கள் அலுவலகங்களில் கழித்துப்போடும் மேனேஜ்டு ஸ்விட்ச், ராம் எதுவானாலும் படிப்பகத்தில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளவும். கேபிள் முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பிங் கருவியை எடுத்துப்போனவர் தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும்.

இவண்,
செயலாளர்