ரத்தம் எடுத்த விதமும் அறிக்கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று நாளிதழுக்குள் வைத்து வந்த துண்டறிக்கை ஒன்று, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து, வைட்டமின்கள், தாதுக்கள் உட்பட 80-க்கும் மேற்பட்ட அளவுகளைச் சலுகை விலையில் பார்த்துத் தருவதாகச் சொல்கிறது. அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் ஆய்வக நுட்புநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதில் சொல்லாமல் விட்ட சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் 58 வயதுப் பெண்மணி ஒருவர் இப்படியொரு தொகுப்புக்குப் பணம் கட்டினார். மறுநாள் கைப்பேசிக்கு வந்த அறிக்கையில் பொட்டாசியம் 8.1, கால்சியம் 5.2 என்று சிவப்பு எழுத்தில் இருக்கவே, மகன் பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தார். பொட்டாசியம் உண்மையிலேயே அவ்வளவு ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறிவிடும். அந்த அம்மாவோ அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்ததை உடனிருந்து பார்த்த மருமகளிடம் விசாரித்தபோது, பொட்டாசியம், கால்சியம் பார்க்கும் மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதாமல், ரத்தம் எடுக்க வந்தவர் ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து அதில் ஊற்றினார் என்றார். ஊதா மூடிக் குழாயின் உட்புறம், ரத்தம் உறையாதிருக்க, பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ என்ற உப்பைத் தடவியிருப்பார்கள். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரத்தம் உறைவதில்லை. அந்த ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் தெரிவதில் வியப்பில்லை. மஞ்சள் மூடிக் குழாயை நிரப்பிய பிறகுதான் ஊதா, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றவே கூடாது என்பது எங்களுக்கெல்லாம் முதல் வாரப் பாடம். ஆனாலும் என் ஊகத்தை நம்பி இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஈசிஜியில் கோளாறு எதுவும் இல்லை. மறுபடி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.3, கால்சியம் 9.4; இரண்டும் சரியான அளவே.

முறையாக எடுத்த ரத்தமே ஆனாலும், அந்த அம்மா எதற்காகப் பரிசோதித்தாரோ அதற்கு இந்தக் கால்சியம் எண் விடையாகாது. மூட்டு வலி, எலும்பு தேய்ந்துவிட்டதோ என்பதுதான் அவருடைய கவலை. உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் சற்றுக் குறைந்தாலும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும் என்பதால், எலும்பு மெலிந்தவருக்கும் ரத்தக் கால்சியம் சரியாகவே இருக்கலாம். இரும்புச் சத்தும் அப்படித்தான். சாப்பாட்டுக்கும் வேளைக்கும் தக்கபடி ரத்தத்தில் அதன் அளவு ஏறி இறங்கும். உடலிலுள்ள இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற அளவோ, காய்ச்சலோ அழற்சியோ இருக்கையில் கூடுதலாகத் தெரிந்து, உள்ள குறையை மறைத்துவிடும். வைட்டமின் டி பற்றிச் சொல்வதானால், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமே 2024-இல், நலமாக உள்ள பெரியவர்களுக்கு அதை வழக்கமாகப் பரிசோதிக்க வேண்டியதில்லை என்று கூறிவிட்டது.

பரிசோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும், பால்கூடச் சேர்க்காத சைவ உணவுக்காரர்களுக்கும் வைட்டமின் பி12 பார்ப்பது அவசியம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டு, பி12 குறைவைக் கவனிக்காமல் விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் முந்தைய நாள்வரை பி-காம்ப்ளெக்ஸ் போட்டுக்கொண்டு வந்தால் அந்த எண் நன்றாகவே தெரியக்கூடும். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளைப் பிறழச் செய்யும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே எச்சரித்தது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்?

ஆகவே, ரத்தம் எடுத்த நேரம், சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறார் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, அவற்றை அறிக்கையிலும் அச்சிட வேண்டும் என்று சுகாதாரத் துறை எல்லா ஆய்வகங்களுக்கும் உத்தரவிட வேண்டுகிறேன். ரத்தம் எடுத்தவரின் பெயரும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
மதுரை.